கார்புரேட்டர் ஒழுகுகிறதா? டேங்கைப் பாருங்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு முடியும் நேரம்.

கேட் திறக்கிறது. உருக்காலைகளிலும், கம்பி உருட்டும் ஆலைகளிலும் வேலை பார்த்தவர்கள் வெளியே வருகிறார்கள். வரிசையாக நிற்கும் மோட்டார் சைக்கிள்கள் உறுமுகின்றன. ஒரு வண்டி கவரைப்பேட்டைக்குப் பறக்கிறது. ஒன்று பொன்னேரிக்கு. ஒன்று ஊத்துக்கோட்டைக்கு. இன்னொன்று ஆரம்பாக்கத்துக்கு.

ஒரே ஒரு வண்டி மட்டும் கிளம்பவில்லை. உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்துவிட்டது. குனிந்து பார்த்தால், என்ஜினுக்கு அடியில் தரை நனைந்து இருக்கிறது. கும்மென்று பெட்ரோல் வாடை!

"கார்புரேட்டர் ஓவர்புளோ ஆகுது அண்ணே" என்கிறார் பக்கத்தில் நின்றவர்.

இது ஒருவருக்கு நடந்த கதை அல்ல. பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் வரும் வம்பு. அது என்ன, ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது? இதைக் குடும்பத்தில் உள்ள எல்லோருமே தெரிந்துகொள்ளலாம். வண்டி ஓட்டுபவருக்கு மட்டும் உரிய விஷயம் அல்ல இது. ஏன் என்றால், இரவில் அந்த வண்டி நிற்பது நம் வீட்டில்!

பழைய வண்டிக்கு மட்டும்தான்

இப்போது கடையில் வாங்கும் புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. 2020-ம் ஆண்டு ஏப்ரல் 1-ந் தேதி பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. அதன் பிறகு வந்த வண்டிகளில் பெட்ரோலை அளந்து பீய்ச்சும் மின்சாரக் கருவி இருக்கிறது.

ஆனால், அதற்கு முன்பு வாங்கிய வண்டிகள் எங்கே போய்விட்டன? எல்லாம் நம் தெருவில்தான் ஓடுகின்றன. அப்பா ஓட்டிய வண்டியை மகன் ஓட்டுகிறான். அண்ணன் விட்ட வண்டியைத் தம்பி எடுத்துக்கொள்கிறான். திருவள்ளூர், பெரியபாளையம், செங்குன்றம் என்று எந்த ஊர்ப் பட்டறைக்குப் போனாலும் கார்புரேட்டரைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு மெக்கானிக் உட்கார்ந்து இருப்பார்.

இந்தப் பக்கத்துக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூரில், 1955-ம் ஆண்டு என்பீல்டு இந்தியா கம்பெனி தொடங்கியது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த புல்லட் வண்டி, திருவொற்றியூர் வண்டி ஆனது.

அந்தக் காலத்து புல்லட்டில் இருந்தது 'அமால்' என்ற இங்கிலாந்து கார்புரேட்டர். அதில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. குளிர்ந்த காலையில் அதை விரலால் அழுத்துவார்கள். பெட்ரோல் பொங்கி, சொட்டுச் சொட்டாக வெளியே வரும். வந்த பிறகுதான் உதைப்பார்கள். வண்டி கிளம்பும். அதாவது, இன்று நாம் பயப்படும் 'ஓவர்புளோ'வை அன்று வேண்டும் என்றே செய்தார்கள்! ஆனால் அது ஒரு நொடி. விரலை எடுத்தால் நின்றுவிடும். நிற்காமல் ஒழுகுவதுதான் நோய்.

மாடித் தொட்டியும் கார்புரேட்டரும்

கார்புரேட்டர் என்றதும் பயந்துவிட வேண்டாம். அது செய்யும் வேலை மிக எளிது.

பெட்ரோலை அப்படியே ஊற்றினால் என்ஜின் ஓடாது. காற்றோடு கலந்து, பனி போலத் தூவ வேண்டும். 1 கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 15 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் புகையும். குறைந்தால் திணறும். இந்தக் கலவையைச் செய்வதுதான் கார்புரேட்டர். பெட்ரோலைத் தூவும் கார்புரேட்டரை ஜெர்மனியில் மேபாக் என்ற பொறியாளர் 1893-ம் ஆண்டிலேயே செய்துவிட்டார். அடிப்படை இன்றும் அதேதான்.

கலப்பதற்கு, கையிருப்பாகக் கொஞ்சம் பெட்ரோல் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் அல்லவா? அதற்காகக் கார்புரேட்டரின் அடியில் ஒரு கிண்ணம் இருக்கிறது. டேங்கில் இருந்து பெட்ரோல் இறங்கி, அந்தக் கிண்ணத்தில் நிற்கும்.

கிண்ணம் நிறைந்ததும் யார் பெட்ரோலை நிறுத்துவது?

உங்கள் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் ஒரு பந்து மிதக்கிறது. தண்ணீர் ஏற ஏறப் பந்தும் ஏறும். தொட்டி நிறைந்ததும் பந்து குழாயை அடைத்துவிடும். தண்ணீர் நிற்கும்.

கார்புரேட்டர் கிண்ணத்திலும் இதே ஏற்பாடுதான். உள்ளே ஒரு மிதவை இருக்கிறது. மெக்கானிக்குகள் இதை 'புளோட்' என்பார்கள். மிதவையின் மேல் ஒரு குட்டி ஊசி. பெட்ரோல் ஏறியதும் மிதவை எழும்பி, ஊசியைத் தள்ளி, பெட்ரோல் வரும் துளையை மூடிவிடும். என்ஜின் பெட்ரோலைக் குடிக்கக் குடிக்க, மிதவை இறங்கும். துளை திறக்கும்.

அந்த ஊசி சரியாக மூடவில்லை என்றால்? பெட்ரோல் வந்துகொண்டே இருக்கும். கிண்ணம் வழியும். வழிந்த பெட்ரோல் ஓவர்புளோ குழாய் வழியாகத் தரையில் சொட்டும். சில வண்டிகளில் என்ஜினுக்கு உள்ளேயே போய்விடும்.

"காலையில் பார்த்துக்கலாம்"

"என்னங்க, வாசல்ல பெட்ரோல் வாசனை வருதே?"

"லேசா சொட்டுது. காலையில பார்த்துக்கலாம். நீ படு."

இந்தப் பேச்சு பல வீடுகளில் நடக்கிறது. இது தவறு, பெரிய தவறு.

பெட்ரோல் தண்ணீர் போல அல்ல. சொட்டிய உடனே ஆவியாக மாறும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். ஆகையால் மேலே பறந்து போகாது. தரையோடு தரையாகப் படர்ந்து, பள்ளமான இடத்தில் தேங்கும். மாடிப்படிக்குக் கீழே வண்டி நிற்கிறது. பக்கத்து அறையில் சமையல் அடுப்பு இருக்கிறது என்றால் யோசித்துப் பாருங்கள். ஒரு தீக்குச்சி போதும். ஊதுவத்தி போதும். மின்விளக்கின் சுவிட்சைப் போடும்போது உள்ளே தெறிக்கும் சின்னப் பொறிகூடப் போதும்.

பெட்ரோல் வாடை வந்தால் உடனே செய்ய வேண்டியது இதுதான்: டேங்கின் அடியில் உள்ள பெட்ரோல் குழாயை 'ஆப்' பக்கம் திருப்புங்கள். கதவு, ஜன்னலைத் திறங்கள். சுவிட்சுகளைத் தொடாதீர்கள். அடுப்பு எரிந்தால் அணையுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், தள்ளிக்கொண்டு போய் வெளியே நிறுத்துங்கள். சிந்திய இடத்தில் மணலைப் போடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

பெட்ரோல் குழாய் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்பதை வீட்டில் உள்ள பெண்களுக்கும், பெரிய பிள்ளைகளுக்கும் இன்றே காட்டிக் கொடுங்கள். வண்டிக்காரர் வீட்டில் இல்லாத நேரத்திலும் பெட்ரோல் ஒழுகும் அல்லவா?

பணக் கணக்கையும் பார்ப்போம். மணிக்கு 25 மில்லி ஒழுகுகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி நேரத்தில் 200 மில்லி போயிற்று. ஐந்து இரவுகளில் 1 லிட்டர்! பெட்ரோல் விற்கும் விலையில், ஒரு மாதத்தில் பெரிய நோட்டுகள் தரையில் சொட்டிவிடும்.

மூன்றாவது கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. ஒழுகும் பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்கினால், அங்கே இருக்கும் ஆயிலோடு கலந்துவிடும். ஆயில் தண்ணீர் போல இளகும். அந்த ஆயிலோடு ஓட்டினால் பிஸ்டன் தேயும், என்ஜின் கெடும். ஒரு நாள் இரவு முழுவதும் ஒழுகியிருந்தால், ஆயில் அளவு பார்க்கும் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயிலின் அளவு முன்பைவிட ஏறி இருந்தாலோ, ஓட்டாதீர்கள். ஆயிலை மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும். கிக்கர் கல் போல இறுகி, கீழே இறங்க மறுத்தால் ஏறி மிதிக்காதீர்கள். என்ஜின் அறைக்குள் பெட்ரோல் நிரம்பி இருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஈரம் எங்கே?

ஒழுகுகிறது என்பது சரி. எங்கே ஒழுகுகிறது?

என்ஜின் ஆறிய பிறகு, வெளிச்சமான வெளியிடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஒரு பழைய துணியால் கார்புரேட்டரையும், குழாய்களையும் நன்றாகத் துடையுங்கள். பெட்ரோல் குழாயைத் திறந்துவிட்டுக் காத்திருங்கள். ஈரம் முதலில் எங்கே தோன்றுகிறது என்று பாருங்கள். பெட்ரோல் மேலே இருந்து கீழே ஓடும். ஆகையால் சொட்டும் இடத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஈரத்தின் மேல் முனையைத் தேட வேண்டும்.

டேங்க் குழாயின் அடியிலேயே ஈரம் என்றால் கார்புரேட்டர் மேல் குற்றம் இல்லை. குழாயின் ரப்பர் போய்விட்டது. ரப்பர் டியூபில் ஈரம் என்றால் அதில் விரிசல். கிண்ணம் சேரும் இடத்தில் கசிந்தால் நடுவில் உள்ள வாஷர் கிழிந்திருக்கும், அல்லது திருகு இளகி இருக்கும். இவை எல்லாம் சின்ன வேலைகள்.

அடியில் தொங்கும் ஓவர்புளோ குழாயில் இருந்து வந்தால்தான், ஊசியோ மிதவையோ கெட்டிருக்கிறது என்று பொருள்.

அப்போதும் உடனே கழற்ற வேண்டாம். ஸ்குரு டிரைவரின் மரப்பிடியால் கிண்ணத்தின் பக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டுங்கள். மெதுவாக! ஊசியின் வாயில் சிக்கிய தூசி விலகினால் ஒழுகல் நின்றுவிடும். நின்றாலும் மகிழ்ந்துவிடாதீர்கள். வந்த தூசி மறுபடியும் வரும்.

கழற்றிப் பார்த்தால் ஊசியின் முனையை உற்றுக் கவனியுங்கள். மோதிரம் போட்டது போல ஒரு வளையத் தடம் தெரிகிறதா? நகத்தால் வருடினால் தட்டுப்படுகிறதா? அந்த ஊசி முடிந்தது. புதிது போட வேண்டும். ஊசி உட்காரும் இடமும் தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சிலர் எடுத்த எடுப்பில் "கார்புரேட்டரே போச்சு, புதுசு போடணும்" என்பார்கள். முழு கார்புரேட்டர் விலையில் ஊசியின் விலை ஒரு சிறு பங்குதான். "முதலில் ஊசியைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

மிதவையையும் பார்க்க வேண்டும். பித்தளை மிதவை என்றால் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசள என்று சத்தம் கேட்டால், ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்துவிட்டது. கனம் ஏறிய மிதவை மேலே எழாது. அதை நெருப்பு வைத்துப் பற்ற வைக்க முயல வேண்டாம். உள்ளே உள்ள பெட்ரோல் ஆவி வெடிக்கும். மாற்றுவதே நல்லது. மிதவையில் உள்ள சின்ன நாக்கைக் கொஞ்சம் வளைத்தாலும் பெட்ரோலின் மட்டம் மாறிவிடும். ஆகவே அனுமானமாக வளைக்காதீர்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் அளவு உண்டு. அது மெக்கானிக்கின் வேலை.

இரண்டு மைல் ஓடி நிற்கும் வண்டி

இது வரை, கூடுதலாக வரும் பெட்ரோலைப் பார்த்தோம். வராத பெட்ரோலும் ஒரு தொல்லையே.

வண்டி ஒழுங்காகக் கிளம்புகிறது. இரண்டு, மூன்று மைல் நன்றாக ஓடுகிறது. தச்சூர் கூட்டுரோடு தாண்டியதும் திணறுகிறது. நின்றுவிடுகிறது. பின்னால் கல்கத்தா சாலையில் லாரிகள் வரிசையாக ஹார்ன் அடிக்கின்றன. ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நிறுத்தினால், என்ன ஆச்சரியம்! மறுபடியும் கிளம்புகிறது. மறுபடியும் இரண்டு மைலில் நிற்கிறது.

பேய் பிடித்துவிட்டதா? இல்லை. டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால், குற்றவாளி பிடிபட்டான்!

டேங்க் மூடியில் ஒரு மிகச் சிறிய துளை இருக்கிறது. பெட்ரோல் கீழே இறங்க இறங்க, அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். துளை அடைத்துக்கொண்டால் காற்று வராது. பெட்ரோல் இறங்காது. எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் எண்ணெய் சரியாக வராது அல்லவா? எதிர்ப் பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஊற்றும். அதே கதை.

மழைக் காலத்தில் நம்மவர்கள் டேங்க் மூடி மேல் பிளாஸ்டிக் பையை இறுக்கிக் கட்டுகிறார்கள். தண்ணீர் புகாமல் இருக்கத்தான். ஆனால் காற்றும் புகாது! கட்டிய பையோடு ஓட்டி, நடுவழியில் நின்று, பட்டறையில் காசு கொடுத்தவர்கள் உண்டு.

மூடி சரியாக இருந்தும் பெட்ரோல் வரவில்லையா? கார்புரேட்டரில் இருந்து டியூபை உருவி, ஒரு பாட்டிலில் விட்டுக் குழாயைத் திறங்கள். தடையில்லாமல் ஓட வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குழாயின் உள்ளே இருக்கும் வலை அடைத்திருக்கிறது. நன்றாக வந்தால், அடைப்பு கார்புரேட்டரின் உள்ளே.

உள்ளே பித்தளையில் செய்த 'ஜெட்' என்ற சின்னத் துளைகள் உண்டு. நிற்கும்போது அணைந்து, ஓடும்போது நன்றாக ஓடினால் சின்ன ஜெட்டில் அடைப்பு. நிற்கும்போது சரியாக இருந்து, முறுக்கும்போது இழுக்கவில்லை என்றால் பெரிய ஜெட்டைப் பார்க்க வேண்டும். இந்தத் துளைகளில் கம்பியையோ, குண்டூசியையோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். அப்புறம் வண்டி ஆயுள் முழுக்கக் கூடுதல் பெட்ரோல் குடிக்கும். காற்று அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. இரும்பு ஆலைகளைச் சுற்றிப் பறக்கும் தூசி, வண்டியின் காற்று வடிகட்டியை அடைத்துவிடும். காற்று குறைந்தால் பெட்ரோல் கூடியதாகவே கணக்கு. கரும்புகை வரும். பிளக் கருத்துப் போகும். இதையும் 'ஓவர்புளோ' என்று சொல்லிக் கார்புரேட்டரைக் கழற்றுவது உண்டு. முதலில் வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள்.

உண்மையான குற்றவாளி

பெட்ரோல் வழிவதும், வராமல் போவதும் எதிர் எதிரான நோய்கள். ஆனால் பல வண்டிகளில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அது டேங்கில் இருக்கும் துரு!

ஒரு துரு துகள் ஊசியின் வாயில் சிக்கினால் பெட்ரோல் வழியும். அதே துகள் ஜெட்டில் சிக்கினால் பெட்ரோல் வராது. கார்புரேட்டரைப் பத்து முறை கழுவினாலும், டேங்கில் துரு இருந்தால் பதினோராவது முறையும் கழுவ வேண்டியதுதான். இதைத்தான் பலர் பார்ப்பதில்லை.

துரு ஏன் வருகிறது? தண்ணீரால். பழவேற்காடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக் காற்று வேறு. பாதி காலியான டேங்கில் இரவுக் குளிரில் ஈரம் படியும். 2023-ம் ஆண்டு டிசம்பர் மாதம் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையிலும், திருவள்ளூர் மாவட்டத்திலும் தெருவில் நின்ற வண்டிகள் வெள்ளத்தில் நின்றன. அப்படி நனைந்த வண்டியின் டேங்கைக் காலி செய்யாமல் ஓட்டியவர்களுக்குத் துரு அப்போதே தொடங்கிவிட்டது.

பெட்ரோலும் மாறியிருக்கிறது. இப்போது நாட்டில் பெட்ரோலோடு 20 சதவீதம் வரை எத்தனால் கலந்து விற்கிறார்கள். 2025-ம் ஆண்டில் இந்த அளவை எட்டினார்கள். எத்தனால் என்பது சாராய வகை. அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். இந்தக் கலவைக்கு என்று செய்யப்படாத பழைய வண்டிகளில் ரப்பர் வாஷர், டியூப் முதலியவை சீக்கிரம் கெடலாம். ஆகையால் பழைய வண்டிக்காரர்கள் ரப்பர் சாமான்களை அடிக்கடி பார்த்துக்கொள்வது நல்லது.

சோதனை எளிது. கிண்ணத்தின் அடியில் உள்ள திருகை இளக்கி, வரும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது தண்ணீர். செம்பழுப்பாகப் பொடி படிந்தால் அது துரு.

துரு என்றால் டேங்கைக் கழற்ற வேண்டும். உள்ளே சின்ன நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கழுவுவது பட்டறை வழக்கம். (போட்ட நட்டுகளை எண்ணிப் போடச் சொல்லுங்கள். எடுக்கும்போதும் எண்ண வேண்டும்!) கழுவியதை நன்றாக உலர்த்த வேண்டும். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஒரு பெட்ரோல் பில்டரைப் போட்டால், மிச்சம் இருக்கும் தூசி அங்கேயே நின்றுவிடும். எப்போதும் 'ரிசர்வி'லேயே ஓட்டுகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட வேண்டும். ரிசர்வ் டேங்கின் அடியில் இருந்து உறிஞ்சுவது. அழுக்கும் அங்கேதான் இருக்கிறது. ஊருக்குப் போய் ஒரு மாதம் வண்டி சும்மா நிற்கும் என்றால், குழாயை மூடிக் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் பெட்ரோல் காய்ந்து பிசின் போல ஜெட்டில் ஒட்டும்.

வேலை முடிந்து வண்டி கைக்கு வந்ததும், பட்டறை வாசலிலேயே ஒரு பழைய செய்தித்தாளை அடியில் விரியுங்கள். பெட்ரோல் குழாயைத் திறந்து வையுங்கள். பத்து நிமிடம் பொறுங்கள். தாள் காய்ந்தே இருந்தால் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ஒரு சொட்டு விழுந்தாலும் சாவியை மெக்கானிக்கிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.